மெர்டேக்கா அரங்கத்தின் மேல்படிகளில் இருந்தவர்கள் நாம்

(பிரிக்பீல்ட்ஸ் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கறிஞர் ஒருவர் மேடைக்கு வந்தால் நிலம், குடியுரிமை, பிறப்புப் பத்திரம், போலீஸ் காவல் என்றுதான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இன்று நான் காற்பந்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆனால் சுற்றிச் சுற்றி சட்டத்துக்குத்தான் வந்து சேருவேன். தொழில் புத்தி எங்கே போகும்?

எனக்கு முன் பேசிய பெரியவர்களின் முகத்தை எல்லோரும் பார்த்தீர்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள். மெர்டேக்கா அரங்கம் என்று சொன்னதும் இருபது வயதுப் பையன்களாக மாறிவிட்டார்கள். ஒருவர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். இங்கிருந்து கூட்டமாக நடந்தே போனதைச் சொன்னார். இன்னொருவர் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துக்காரர். காலையில் பால் வெட்டி, ஸ்டோரில் பால் நிறுத்தி, குளித்துவிட்டுப் பஸ் ஏறி, கிள்ளான் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பெட்டாலிங் ஸ்திரீட் வழியாக மேட்டில் ஏறிய கதையைச் சொன்னார். கையில் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மலாய்க்காரரா சீனரா என்று பார்க்காமல் அந்தப் பொட்டலத்தை நீட்டியதாகச் சொன்னார். சிலாங்கூர் கோல் அடித்தால் முன்பின் தெரியாதவரைக் கட்டிப் பிடித்ததாகவும் சொன்னார்.

இதைக் கேட்டு நாம் சிரித்தோம், கைதட்டினோம். அதோடு விட்டுவிடக் கூடாது என்று சொல்லத்தான் நான் எழுந்தேன்.

அந்த அரங்கத்தின் வரலாற்றைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1957 ஆகஸ்ட் 31ஆம் தேதி காலை துங்கு அப்துல் ரஹ்மான் அங்கேதான் சுதந்திரத்தை அறிவித்தார். ஏழு முறை 'மெர்டேக்கா' என்று முழங்கினார். அந்த ஆண்டே மெர்டேக்கா கிண்ணப் போட்டியும் தொடங்கியது. முதல் கிண்ணத்தை ஹாங்காங் கொண்டு போனது. 1958இலும் 1959இலும் மலாயாவே வென்றது. அந்தக் காலத்து அணியில் அப்துல் கனி மின்ஹாட்டோடு சேர்ந்து ஆடியவர் நம் கோவிந்தராஜூ. நாடு பிறந்து நடை பழகும்போதே நம் பிள்ளை ஒருவன் நாட்டின் சட்டையைப் போட்டு அந்தப் புல்லில் ஓடினான். அதே காலத்தில் எத்தனை தோட்டத்து மக்கள் குடியுரிமைத் தாளுக்காக அலைந்தார்கள், எத்தனை பேர் சிவப்பு அடையாள அட்டையோடு கிழவர்களானார்கள் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அலுவலக முகப்பில் "நீ யார்?" என்று கேட்டார்கள். அரங்கத்து வாசலில் "டிக்கெட் எங்கே?" என்று மட்டும்தான் கேட்டார்கள்.

பிறகு எழுபதுகள் வந்தன. 1972இல் மலேசியா மூனிக் ஒலிம்பிக்குக்குப் போனபோது அந்த அணியில் எம். சந்திரன் இருந்தார், வி. கிருஷ்ணசாமி இருந்தார். 1975இல் இங்கிலாந்திலிருந்து வந்த அர்செனல் அணியைச் சிலாங்கூர் 2-0 என்று தோற்கடித்தது; இரண்டு கோலும் மொக்தார் டஹாரி அடித்தவை. அதே ஆண்டு ஜூலை முதல் தேதி முகமது அலி ஜோ பக்னரோடு குத்துச்சண்டை போட்டதும் அதே அரங்கத்தில்தான்.

சிலாங்கூர் - சிங்கப்பூர் ஆட்டம் என்றால் கேட்கவே வேண்டாம்! 1978இலும் 1979இலும் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிலாங்கூர் சிங்கப்பூரை வென்றது. 1980 மே மாதம் 17 வயது ஃபாண்டி அகமட் அடித்த கோலில் சிங்கப்பூர் 2-1 என்று கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு போனது. அந்த இரவைப் பற்றிச் சொல்லும்போது இப்போதும் சில பெரியவர்களின் குரல் தழுதழுக்கிறது. மறு ஆண்டு 4-0 என்று திருப்பிக் கொடுத்த கதையைச் சொல்லும்போதோ அதே குரல் கூரையைத் தொடுகிறது.

அந்தச் சிலாங்கூர் அணிக்கும் நாட்டு அணிக்கும் கோல் காத்தவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகள். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அவரை அழைத்தது. 1980 ஏப்ரல் 6ஆம் தேதி மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் தென் கொரியாவை எதிர்த்து மெர்டேக்கா அரங்கத்தில் நடந்த ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். கோல்கம்பத்தில் ஆறுமுகம். அவருக்கு முன்னால் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும். சபாவிலிருந்து வந்த ஹசான் சானி பந்தைக் கொடுக்க, இன்னொரு சபாக்காரர் ஜேம்ஸ் வோங் வெற்றி கோலை அடித்தார். 2-1. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா மாஸ்கோவுக்குப் போகாமல் விட்டது. ஒலிம்பிக் கை நழுவியது; அந்த இரவு நழுவவில்லை. 2016இல் 'ஓலா போலா' படம் அந்த ஆட்டத்தைத் தழுவி வந்தபோது, அதில் கோல் காக்கும் முத்து என்ற பாத்திரத்தைப் பார்த்துக் கண் கலங்காத தமிழ்க் குடும்பம் குறைவு. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மறைந்துவிட்டார். அவருடைய ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

தாய்மார்களை நான் மறக்கவில்லை. என் அம்மா அந்த அரங்கத்துக்குள் காலடி வைத்ததே இல்லை. ஆனால் எந்த ஆண்டு யார் தோற்றார்கள் என்று அவருக்குத் தெரியும். "உங்கப்பா சிரிச்சுக்கிட்டு வந்தா சிலாங்கூர் ஜெயிச்சிருச்சுன்னு அர்த்தம். ராத்திரி சோறு வேணாம்னு படுத்துட்டா தோத்துருச்சு" என்பார். பஸ் காசுக்கு மளிகைக் கணக்கில் இடம் பண்ணியவர்கள் நீங்கள்தான். அதுவும் காற்பந்து வரலாறுதான், அம்மா.

இனி அரங்கத்துக்கு என்ன ஆனது என்று பார்ப்போம்.

1994இல் ஷா ஆலம் அரங்கம் திறக்கப்பட்டது. சிலாங்கூர் அணி அங்கே போய்விட்டது. 1998 காமன்வெல்த் போட்டிக்காக புக்கிட் ஜாலிலில் தேசிய அரங்கம் எழுந்தது. தொண்ணூறுகளில் மெர்டேக்கா அரங்கமும் அதைச் சுற்றிய நிலமும் தனியார் கைக்குப் போய், அங்கே பெரிய கட்டடங்கள் எழுப்பத் திட்டம் போட்டார்கள். 1997இல் பொருளாதார நெருக்கடி வந்தது. திட்டம் நின்றது. சுதந்திரம் அறிவித்த இடம் தப்பித்ததில் நாணய வீழ்ச்சிக்கும் பங்கு உண்டு என்பதை யோசித்துப் பாருங்கள்! பிறகு அது பி.என்.பி. கைக்கு வந்து, பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, 2007இல் சுதந்திரத்தின் 50ஆம் ஆண்டையொட்டிப் பழைய உருவத்துக்கே புதுப்பிக்கப்பட்டது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. இன்று அதற்குப் பக்கத்தில் 678.9 மீட்டர் உயரத்துக்கு மெர்டேக்கா 118 கோபுரம் நிற்கிறது.

நல்ல காரியம்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய உருவம் என்றால் 1957இன் உருவம். பிற்காலத்தில் கூட்டம் பெருகியதால் உயர்த்திக் கட்டிய மேல்படிகளை அகற்றிவிட்டார்கள். நம் ஆட்கள் மலிவு டிக்கெட்டில் ஏறி உட்கார்ந்த இடம் அது. துங்கு நின்ற 1957 காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஆறுமுகம் பாய்ந்து பந்தைப் பிடித்தபோது நாம் எழுந்து நின்ற 1980 அங்கே இல்லை. ஷா ஆலம் அரங்கமும் 2020இல் மூடப்பட்டு, 2024இல் அதை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை தொடங்கிவிட்டது. அப்படியானால் அந்த மேல்படிகள் இப்போது எங்கே இருக்கின்றன? உங்கள் தலைக்குள்தான்!

இங்கேதான் சட்டம் வருகிறது. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 60ஆவது பிரிவு என்ன சொல்கிறது? வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும். பார்த்த விஷயம் என்றால் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். நான் பிறந்தது எண்பதுகளில். 1980 ஆட்டத்தைப் பற்றி என் தகப்பனார் சொன்னதை நான் கூண்டில் ஏறிச் சொன்னால் அது செவிவழிச் செய்தி. நீதிபதி கேட்கமாட்டார். உங்களில் ஒருவர் சொன்னால் அது சாட்சியம். உங்களுக்குப் பிறகு எல்லாமே செவிவழிச் செய்தியாகிவிடும்.

கோல் எண்ணிக்கை பத்திரிகையில் இருக்கிறது. அதை நீங்கள் தப்பாகச் சொன்னாலும் குற்றமில்லை. பத்திரிகையில் இல்லாதது எது? தோட்டத்து லாரியில் எத்தனை பேர் நின்றுகொண்டு வந்தீர்கள், யார் கடன் கொடுத்து டிக்கெட் வாங்கினீர்கள், மழை கொட்டியபோது யாருடைய குடைக்குள் ஒதுங்கினீர்கள், மூன்று மொழியில் எப்படிக் கத்தினீர்கள் என்பதெல்லாம் எந்த ஆவணத்திலும் இல்லை. "இவர்கள் எப்போது இந்த நாட்டோடு ஒட்டினார்கள்?" என்று நாளை ஒருவர் கேட்டால், ஒட்டுவதற்கு நாம் தனியாக இருக்கவில்லை, அந்தக் கூட்டத்துக்குள்தான் இருந்தோம் என்று காட்ட அந்த நினைவுகளே சான்று.

நினைவு மட்டும் போதுமா என்று இளைஞர்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. 2010இல் மலேசியா சுசுகி கிண்ணத்தை வென்றபோது பயிற்றுநர் கே. ராஜகோபால், அவரும் அன்று சிலாங்கூருக்கு ஆடியவர். இன்று நாட்டு அணியில் நம் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணலாம். காலில் திறமை வற்றிவிட்டதா? இல்லை, திடல் வற்றிவிட்டது! தோட்டம் என்றால் கோயில் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, பந்து உதைக்கத் திடலும் இருந்தது. மாலையில் செருப்பில்லாமல் ஆடினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் அடுக்குமாடிக்கு வந்தபோது கோயிலுக்காகவும் பள்ளிக்காகவும் போராடினோம். சரிதான். திடலை யாரும் கேட்கவில்லை. இங்கே பாருங்கள், ரயில் பெட்டிகள் நின்ற பிரிக்பீல்ட்ஸ் இருப்புப்பாதை நிலத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் எழுந்தது. அதைச் சுற்றி எத்தனையோ மாடிகள். நம் பையன்கள் பந்து உதைப்பது கார் நிறுத்துமிடத்தில். காவலாளி வந்து விரட்டுகிறார். பயிற்சிக் கழகத்தில் சேர்க்கலாம் என்றால் மாதக் கட்டணம், காலணி, போக்குவரத்து. நாள் சம்பளக்காரர் எங்கே போவார்?

நம் சமூகம் முயலாமல் இல்லை. இந்தியக் காற்பந்துச் சங்கமான மீஃபாவின் அணி பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019இல் சூப்பர் லீக் வரை ஏறியது. 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. மேலே ஒரு அணியைக் கட்டினாலும் கீழே திடல் இல்லாவிட்டால் ஆட்டக்காரன் எங்கிருந்து வருவான்?

திடலுக்காகச் சட்டத்தின் கதவைத் தட்ட முடியும். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் தாமான் ரிம்பா கியாரா வழக்கில் பொதுப் பூங்கா நிலத்தில் கொடுத்த மேம்பாட்டு அனுமதியை ரத்து செய்தது. வழக்குப் போட்டவர்கள் அந்த வட்டாரக் குடியிருப்பாளர்கள். அந்த நிலத்துக்குப் பக்கத்து நெடுவீடுகளில் இருந்தவர்கள் புக்கிட் கியாரா தோட்டத்துப் பழைய தொழிலாளர் குடும்பங்கள். நிரந்தர வீட்டுக்காகப் பல்லாண்டு காத்திருந்த நம் மக்கள். பூங்கா ஒரு பக்கம், ஏழையின் வீடு ஒரு பக்கம் என்று நிறுத்தப்பட்டதுதான் அந்தக் கதையின் வேதனை. வீடும் வேண்டும், பிள்ளை ஓடுவதற்கு இடமும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பறிப்பதை ஏற்க வேண்டியதில்லை.

ஆகவே மூன்று வேலைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, இந்த வாரமே உங்கள் வீட்டுப் பெரியவரை உட்காரவைத்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பெயர், பிறந்த ஆண்டு, எந்தத் தோட்டம், எந்த ஆட்டம், யாரோடு போனார். குறுக்கே பேசாதீர்கள். பாட்டியையும் கேளுங்கள். பழைய டிக்கெட், புகைப்படம் இருந்தால் பின்பக்கம் ஆண்டும் பெயரும் எழுதிவையுங்கள்.

இரண்டாவது, உங்கள் குடியிருப்புத் திடல் திட்ட வரைபடத்தில் திறந்தவெளி என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கோலாலம்பூருக்கு 2040 உள்ளூர்த் திட்டம் 2025இல் அரசிதழில் வெளியாகிவிட்டது; மாநகர் மன்றத்தில் கேட்டுப் பார்க்கலாம். கிள்ளான், ஷா ஆலம் பக்கத்தில் ஊராட்சி மன்றங்களின் உள்ளூர்த் திட்ட வரைவு காட்சிக்கு வைக்கப்படும்போது எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்ல 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டம் வழி செய்கிறது. அறிவிப்புப் பலகை எழுந்த பிறகு ஓடி வராதீர்கள். அதற்கு முன்பே வாருங்கள். கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் எங்களிடம் வாருங்கள், இலவசமாக எழுதித் தருகிறோம்.

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளையை ஒரு ஆட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். தொலைக்காட்சியில் மான்செஸ்டரையும் லிவர்பூலையும் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படியில் உட்கார்ந்து, பக்கத்து மனிதரிடம் கச்சானை நீட்டி, நம் ஊர் அணிக்காகக் கத்தட்டும். அப்போதுதான் நாற்பது ஆண்டு கழித்துச் சாட்சி சொல்ல அவனுக்கும் ஏதாவது இருக்கும்.

வாசலில் மேசை போட்டு நம் பிள்ளைகள் இருவர் பதிவுக் கருவியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தேநீர் இருக்கிறது. பெரியவர்களே, அவசரமாக வீட்டுக்குப் போகாதீர்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து, உங்கள் பெயரிலிருந்து ஆரம்பியுங்கள்.