கார்த்திகைக்குத் தகர விளக்கா? ஆடியிலேயே ஆரம்பிங்க!

தகரப் பட்டறை வச்சிருக்கிறவங்க, வீட்டிலிருந்தே கைவேலை செய்கிற மகளிர் குழுவினர், எல்லாருக்கும்தான் இந்தப் பேச்சு.

புனல், உண்டியல், சிம்னி விளக்கு என்று நம்ம பட்டறையில் ஓடிய சரக்கின் இடத்தைப் பிளாஸ்டிக்கும் எல்இடி பல்பும் பிடிச்சிட்டன. ஆனால் கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் மூன்றும் ரெண்டே மாசத்துக்குள் அடுத்தடுத்து வருது. கையால் துளையிட்ட தகர விளக்குக்கு அதுதான் நேரம்.

பண்டிகைச் சரக்கில் ஒரு ஆபத்து உண்டு. பண்டிகை முடிந்த மறுநாள் அதைக் கேட்க ஆள் இருக்காது. மீந்துபோன ஐம்பது விளக்கு, உங்க பரணில் தூங்கும் பணம். அதனால் கூடு ஒன்று, முகம் மூன்று என்று திட்டமிடுங்க. விளக்குக் கூடு எல்லாத்துக்கும் ஒரே அளவு. செருகி எடுக்கிற முன்தகடு மட்டும் மாறும்: கார்த்திகைக்கு அகல், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், பொங்கலுக்குக் கரும்பும் பானையும். மீந்த கூடு வீணாகாது.

செய்முறையில் சில கவனங்கள். தகட்டைத் தட்டையாக மரக்கட்டை மேல் வைத்துத் துளை போட்டுட்டு, அப்புறம் வளையுங்க. வளைத்தபின் அடித்தால் நசுங்கும். ஓரத்தை மடித்து அடியுங்க, பிள்ளைங்க கை கிழியக் கூடாது. அடியிலும் மேலேயும் காற்று போக வழி வேணும். சாதாரண ஈயப்பற்று சுமார் 190 டிகிரி செல்சியஸில் உருகிடும். எனவே சுடருக்குப் பக்கத்தில் வரும் இணைப்பைப் பற்றவைக்காமல், மடிப்பாகவோ ரிவிட்டாகவோ போடுங்க. பூச்சிமருந்து டின்னைத் தொடவே வேண்டாம். ஈயம் வைத்துப் பற்றவைத்த டப்பாவைச் சாப்பாட்டுப் பொருள் வைக்கன்னு விற்காதீங்க.

ஆடியில் பத்து மாதிரி போதும். ஒவ்வொன்றிலும் விளக்கேற்றி ரெண்டு மணி நேரம் எரியவிட்டுப் பாருங்க. கைப்பிடி சுடுதா, இணைப்பு விடுதான்னு கவனிங்க. பிறகு பகல் வெளிச்சத்தில் ஒரு படம், இருட்டில் எரியும்போது ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்க. ஆர்டரும் முன்பணமும் வந்த அளவைப் பார்த்து ஆவணியில் தகடு வாங்குங்க.

விலை போடும்போது உங்க கூலியை மறக்காதீங்க. எட்டு மணி நேரத்துக்கு 800 ரூபாய் கூலி என்றால், ஒன்றரை மணி நேரம் பிடிக்கிற விளக்கில் கூலி மட்டும் 150 ரூபாய். தகடு, பேக்கிங், கழிவு எல்லாம் அதுக்கு மேலே.

இதே மாசங்களில் கைப்பேசியில் முடிக்க வேண்டிய வேலையும் இருக்கு. உத்யம் பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. ஆதார், பான் எண் வைத்து அரசு இணையதளத்தில் நீங்களே செய்யலாம். ‘ஃபீஸ் கட்டுங்க’ன்னு யாராவது போன் செய்தால் ஒரு பைசாகூடத் தராதீங்க, ஓடிபி-யும் சொல்லாதீங்க.

முதலீடு தேவையா? தமிழ்நாடு அரசு 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரையான கடனுக்கு 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. வயது வரம்பு, உங்க தொழில் பட்டியலில் வருதா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு உறுதி செய்யுங்க. வங்கியில் கடன் கைக்கு வர நாளாகும். ஐப்பசியில் விண்ணப்பித்துவிட்டு கார்த்திகைக்குப் பணம் எதிர்பார்த்தால் தகடு வாங்க வட்டிக்காரர் வாசலில்தான் நிற்கணும்.

விளக்கு எரிவது ஒரு நாள், வேலை அஞ்சு மாசம். இன்றே ஒரு கூடு வெட்டிப் பாருங்க.