களம் நிறைந்த பிறகும் வானம் பார்ப்பவர்கள்



அறுவடை விழாக்கள் பற்றிய கருத்தரங்கை இராஜபாளையத்தில் கூட்டியது மிகப் பொருத்தம். ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் குடியிருக்கும் தெய்வத்தின் பெயரே நீர் காத்த அய்யனார். அந்தப் பக்கத்து ஆற்று நீர்தான் ஆறாவது மைல் தேக்கத்தில் சேர்ந்து ஊர்க் குழாய்களுக்கு வருகிறது. காலையில் நாம் குடித்த காபியிலும் அய்யனாருக்குப் பங்கு உண்டு.

தலைமை ஏற்றவனுக்கு ஒரு சலுகை உண்டு. தனக்குப் பிடித்ததைப் பேசலாம். நான் யூதர்களின் சுக்கோத்தை எடுத்துக்கொள்கிறேன். தமிழ் விவிலியம் அதைக் கூடாரப் பண்டிகை என்கிறது. நம் புரட்டாசி, ஐப்பசியை ஒட்டி வரும் திஷ்ரி மாதத்தில் ஏழு நாள் விழா. தானியமும் திராட்சையும் வீடு சேர்ந்த பிறகு, அந்த வீட்டை விட்டு வெளியே வந்து தழை வேய்ந்த பந்தலில் உண்கிறார்கள். முடிந்தவர்கள் அங்கேயே உறங்குகிறார்கள். கூரை வழியே விண்மீன் தெரிய வேண்டுமாம். முன்னோர் பாலைவனத்தில் அலைந்த நாற்பது ஆண்டுகளின் நினைவு அது. பத்தாயம் நிறைந்திருக்கும் வாரத்தில்தான் ஒன்றுமில்லாத காலத்தை நினைக்கிறார்கள். பொங்கல் இப்படிச் செய்வதில்லை. சொந்த வாசலில், புதுப்பானையில், சூரியனைப் பார்த்து நன்றி சொல்கிறோம். இரண்டும் ஒன்றே என்று சொல்லும் கட்டுரை இந்த அரங்கில் வந்தால் முதல் கேள்வி என்னுடையது.

எருசலேம் ஆலயம் நின்ற காலத்தில், இந்த விழாவின்போது சீலோவாம் குளத்து நீரைப் பொற்கலத்தில் கொண்டுவந்து பலிபீடத்தில் வார்த்தார்கள். ஏழு நாள் முடிந்த மறுநாள் மழைக்கான வேண்டுதல். அங்கே மழைக்காலம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டுமா? போன விளைச்சலுக்கு நன்றி சொன்ன வாய் ஈரம் காயுமுன் அடுத்த மழையைக் கேட்கிறது. அருள் வேறு, பொருள் வேறு என்று இனம் பிரிக்கும் நம் ஆய்வுப் பழக்கம் இங்கே தடுமாறுகிறது. பீடத்தில் வார்த்த அந்த நீரை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

யூதர்கள் நமக்குத் தூரத்து மக்களும் அல்லர். கொச்சியில் 1568இல் எழுந்த பரதேசி ஜெபாலயம் இன்றும் இருக்கிறது; அங்கிருந்த யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். கொங்கணக் கரையின் யூதர்களான பெனே இஸ்ரவேலர் வேண்டுதல் நிறைவேறினால் மலீதா செய்கிறார்கள்: இனிப்பிட்ட அவல், தேங்காய், பழங்கள், எலியா தீர்க்கதரிசியின் நினைவு. அலிபாக் அருகே ஒரு பாறைத் தடத்தை எலியாவின் ரதம் பதித்த தடம் என்று நம்புகிறார்கள். அய்யனாருக்குப் புரவி எடுக்கும் நம் மக்களுக்கு அந்த நம்பிக்கை விளங்கும். நம்முடைய மாணவர் ஒருவர் அங்கே போய் இருந்து பார்த்து எழுத வேண்டும்.

கட்டுரை வாசிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூடாரப் பண்டிகையில் வேலைக்காரரும் அந்நியரும் அநாதையும் விதவையும் உடனிருந்து மகிழ வேண்டும் என்று விவிலியத்தின் உபாகமம் கட்டளையிடுகிறது. நீங்கள் எடுத்துக்கொண்ட விழாவில் பந்தியில் யார் உட்கார்ந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பதையும் சொல்லுங்கள். சடங்கை மட்டும் விவரித்துவிட்டு அமர்ந்தால் கட்டுரை பாதிதான்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.