சினமன்று, முறையீடு!



ஒருவன் தரப்பைக் கேளாமல் அவனைத் தண்டிக்கலாகாது என்பது சட்டத்தின் அரிச்சுவடி. அந்த விதியை என் இல்லத்தில் நானே மீறினேன். ஓட்டிசம் உடைய என் பன்னிரண்டு வயது மகன் ஒரு திருமண வீட்டிலே கதறித் தன் கையைக் கடித்தபோது, ஊரார் பார்க்கிறார்களே என்று அடித்துவிட்டேன். ஒலிபெருக்கியின் ஓசை அவன் செவியைத் துளைத்தது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

அச்சினம் குற்றமன்று, சொல்லற்றவனின் முறையீடு!

கட்டிளமைப் பருவம் நெருங்குகையில் உடல் மாறுகிறது, உறக்கம் குலைகிறது. பல்வலியோ வயிற்றுவலியோ வந்தாலும் அவனால் கூறவியலாது. ஆதலின் முதலில் நோவைத் தேடுங்கள். சிலருக்கு இப்பருவத்தில் வலிப்பும் தொடங்கலாம். மருத்துவரை நாடத் தயங்காதீர்கள். உடல் மாற்றங்களைப் படங்காட்டி முன்கூட்டியே விளக்குங்கள். 'போதும்' என்று அறிவிக்க ஒரு சைகை பழக்குங்கள். சினம் மூண்டபின் அறிவுரை வேண்டாம்: சொல்லைக் குறையுங்கள்; கூட்டத்தை விலக்குங்கள்; அமைதியாக அருகிருங்கள். ஓய்ந்தபின், முன்னர் நடந்தவற்றைக் குறித்து வையுங்கள். நாளடைவில் காரணம் புலப்படும்.

தாயின் அன்பின்மையே ஓட்டிசத்துக்குக் காரணம் என முன்னாளில் பழி சுமத்தினர். அத்தகைய மகனைப் பெற்ற அமெரிக்கர் பேர்னாட் றிம்லண்ட், 1964இல் நூலெழுதி அதை மறுத்தார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. ஏட்டில் எழுதிய அவ்வுரிமை நம் வீட்டு முற்றத்திலே தொடங்கட்டும். முதலில் பிள்ளையின் வழக்கைக் கேட்போம்!