போர்வை தைக்க எந்த நூல்?



உரம், விதைநேர்த்தி, பூச்சி மருந்து என்று பேசுகிற வேளாண்மை அதிகாரி இன்றைக்கு ஊசியும் நூலுமாக வந்திருக்கிறாரே என்று நீங்க நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நம் தருமபுரி மாவட்டத்தில் மானாவாரி நிலம் அதிகம். கேழ்வரகும் துவரையும் வீடு வந்து சேர்ந்த பிறகு, அடுத்த மழை வரைக்கும் பல குடும்பங்களுக்குக் கையில் வேலை குறைவு. அந்த மாதங்களில் வீட்டு மூலையில் இருக்கிற தையல் மிஷின்தான் அவர்களுக்கு இன்னொரு காணி நிலம். 1989-ஆம் ஆண்டில் சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் முதன்முதலாகத் தொடங்கியது நம் மாவட்டத்தில்தான். குழுக் கடனில் மிஷின் வாங்கிய சகோதரிகள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஜாக்கெட் தைக்கிறார்கள், பை தைக்கிறார்கள், பழைய நூல் சேலைகளை அடுக்கிப் போர்வையும் தைக்கிறார்கள். ஜாக்கெட்டுக்குப் போட்ட அதே நூலைப் போர்வைக்கும் போடுகிறார்கள். அங்கேதான் பிசகு வருகிறது.

அந்தப் பிசகில் எனக்கும் பங்கு உண்டு. அரூர் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு அம்மா, பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்காகப் போர்வை தைத்துக்கொண்டிருந்தார். காலமான தன் தாயாருடைய இரண்டு நூல் சேலைகளை அதற்கென்றே எடுத்து வைத்திருந்தார். “எந்த நூல் சார் போடலாம்?” என்று கேட்டார். நான் யோசிக்காமல், “நல்லா கெட்டியான பாலியஸ்டர் நூலாப் பாத்துப் போடுங்கம்மா, அறுந்து போகாது” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து அந்த ஊருக்குப் போனபோது போர்வையைக் கொண்டுவந்து காட்டினார். நான் சொன்னபடியே நூல் ஒரு இடத்திலும் அறுந்து போகவில்லை. ஆனால் சேலை கிழிந்திருந்தது. தையல் ஓடிய வரி வரியாக, தபால் தலையைக் கிழிக்கிற மாதிரி நேராகக் கிழிந்திருந்தது. “நூல் நல்லாத்தான் இருக்குது சார், துணிதான் போயிடுச்சு” என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டிலும் ஒரு போர்வை இருந்தது. அது சாதாரண பருத்தி நூலில் தைத்தது. அதில் ஐந்தாறு இடத்தில் நூல் அறுந்திருந்தது. அந்த வீட்டுக்காரம்மா அரை மணி நேரம் மிஷினில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருப்பித் தைத்துவிட்டார். சேலைக்கு ஒரு சேதமும் இல்லை.

இந்த இரண்டு போர்வைகளிலும் நான் படித்த பாடம் ஒன்றுதான். போர்வை என்பது இழுபடுகிற பொருள். படுக்கும்போது இழுக்கிறோம், துவைக்கும்போது பிழிகிறோம். எங்கேயாவது ஒன்று விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். நூல் விட்டுக்கொடுத்தால் மறுபடி தைக்கலாம். துணி விட்டுக்கொடுத்தால் திரும்ப வராது. ஆகவே போர்வைக்குப் போடும் நூல், துணியைவிட ஒரு படி வலுக் குறைந்ததாக இருக்க வேண்டும். வரப்பு உடைந்தால் அணைத்துக்கொள்ளலாம், ஏரிக்கரை உடையக் கூடாது அல்லவா, அது போல.

இது நம் நாட்டுப் பெண்களுக்கு முன்பே தெரிந்த விஷயம்தான். பழந்துணியை அடுக்கித் தைப்பதை வங்காளத்தில் காந்தா என்றும், பீகாரில் சுஜனி என்றும், பக்கத்துக் கர்நாடகத்தில் கௌதி என்றும் சொல்வார்கள். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலையின் கரையிலிருந்தே நூலை உருவி எடுத்து, அதை வைத்தே தைப்பது வழக்கம். துணிக்கும் நூலுக்கும் ஒரே வயது, ஒரே வலு. அதனால் ஒன்றை ஒன்று அறுப்பதில்லை. நாம் மிஷினில் தைப்பதால் உருவிய நூல் உதவாது. ஆனால் அந்தப் பொருத்தத்தைக் கடையில் வாங்கும் நூலிலும் பார்க்கலாம்.

எப்படிப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, நூல் எதனால் ஆனது? ஒரே பருமனில் பருத்தி நூலையும் பாலியஸ்டர் நூலையும் எடுத்துக்கொண்டால், பாலியஸ்டருக்குத்தான் இழுவலு அதிகம். பழைய நூல் சேலைக்குப் பருத்தி நூலே ஏற்றது. புதுத் துணியில் பஞ்சு வைத்துத் தைக்கிற கனமான போர்வை, பாலியஸ்டர் கலந்த துணி, பிள்ளைகள் புரட்டி எடுக்கிற விரிப்பு இவற்றுக்குப் பாலியஸ்டர் நூல் போடலாம், தப்பில்லை. நைலான் நூல் வேண்டாம். இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் இளகும், வெயிலில் கிடந்தால் வலு இழக்கும். பளபளப்பான ரேயான் நூலும் வேண்டாம். பருத்தி நூலுக்கு நனைந்தால் வலு கூடும், ரேயானுக்கு நனைந்தால் வலு குறையும். துவைக்கிற பொருளுக்கு அது ஆகாது.

கடையில் லேபிள் இல்லாத நூலாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஒரு சாண் நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே வைத்து நெருப்புக் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பல் வந்தால் பருத்தி. சுருங்கி உருகி, கடைசியில் கெட்டியான கறுப்பு மணி நின்றால் பாலியஸ்டர். முடி கருகுகிற வாசனை வந்தால் பட்டு. பட்டுக்கூடு வளர்க்கிற நம் ஊர்க்காரர்களுக்கு அந்த வாசனையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது, நம்பர். இதில் பல பேர் ஏமாந்து போகிறார்கள். பருத்தி நூலில் நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசாகும். காரணம் இதுதான்: 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே நூலின் நம்பர். 40 சிட்டம் நின்றால் 40-ஆம் நம்பர், 60 நின்றால் 60-ஆம் நம்பர். அறுபதுதான் மெல்லிசு. இத்தோடு எத்தனை புரி முறுக்கியது என்றும் பார்க்க வேண்டும். லேபிளில் 40/3 என்று இருந்தால் 40-ஆம் நம்பரில் மூன்று புரி என்று பொருள். துவைத்துத் துவைத்து மெலிந்த சேலைக்கு 50/3 அல்லது 60/3 போதும். புதுப் பருத்தித் துணிக்கும் பஞ்சு வைத்த போர்வைக்கும் 40/3 சரியாக இருக்கும்.

மூன்றாவது, முறுக்கு. நூலை நெட்டுக்குத்தலாகப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். புரிகள் இடது கீழிருந்து வலது மேலாக ஏற வேண்டும். மிஷின் நூலின் முறுக்கு அப்படித்தான் இருக்கும். எதிர்ப்பக்கம் சாய்ந்த நூல், தைக்கத் தைக்கப் புரி பிரிந்து, ஊசிக்காதில் சுருண்டு அறுந்துவிடும். கைத்தையலுக்கென்று விற்கிற மெழுகு பூசிய நூலையும் மிஷினில் போடாதீங்க. டென்ஷன் தட்டுகளில் மெழுகு ஒட்டிக்கொண்டு தையல் ஏறுக்கு மாறாகும்.

பூவேலை நூலும் அப்படியே. சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே நம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே லம்பாடிப் பெண்கள், மறைந்துகொண்டிருந்த தங்கள் பூத்தையலை மீட்டு, ‘போர்கை’ என்ற பெயரில் தொழிலாக நடத்திவருகிறார்கள். 1993-ல் அங்கே மலைமக்களுக்கு மருத்துவப் பணி தொடங்கிய டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதியின் ஊக்கம் அதற்குத் துணை. போர்கை என்றால் லம்பாடி மொழியில் பெருமை என்று பொருள். அந்தப் பூவேலை கைவேலை. அதற்கு ஏற்றது முறுக்குக் குறைந்த, துணிமேல் படிகிற நூல். அதே நூலை மிஷினில் கோத்தால் நாலு தையலில் பஞ்சு பஞ்சாகப் பிரியும். நூலில் மட்டமான நூல் என்று ஒன்று தனியாக இல்லை, இடம் மாறிய நூல்தான் உண்டு.

நான்காவது, இழை. இது விவசாயிகளுக்கான செய்தி. ஒரு முழ நூலை விரலில் உருவிப் பாருங்கள். மேலெல்லாம் முடி முடியாக எழும்பி நின்றால் அது குட்டை இழையில் நூற்றது. சீக்கிரம் தேயும், பாபின் பெட்டியில் பஞ்சுத்தூசியை நிரப்பும். நீள இழைப் பருத்தியில் நூற்ற நூல் வழவழப்பாக, வலுவாக இருக்கும். கோயம்புத்தூர் ஆராய்ச்சியில் உருவாகி 1974-ல் வெளிவந்த சுவின் ரகம் மிக நீளமான இழைக்குப் பேர்போனது. அதன் இழை சுமார் 38 மில்லிமீட்டர். நீங்கள் பருத்தி எடுக்கும்போது நன்றாக வெடித்த காயை மட்டும், சருகும் தூசும் சேராமல் எடுத்தால், அந்த நேர்த்தி கடைசியில் இந்த நூல்கண்டு வரைக்கும் வந்து சேர்கிறது. லேபிளில் மெர்சரைஸ்டு என்று இருந்தால் வாங்கலாம். காஸ்டிக் சோடாக் கரைசலில் இழுத்துப் பிடித்துப் பதப்படுத்தியது அது. வலுவும் கூடும், சாயமும் நன்றாகப் பிடிக்கும்.

ஐந்தாவது, நூலுக்கு ஏற்ற ஊசி. ஒரு முழ நூலில் ஊசியைக் கோத்து, நூலைச் சாய்வாகப் பிடியுங்கள். ஊசி தானாக வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால் ஊசிக்காது சிறிது, அடுத்த நம்பர் ஊசி போடுங்கள். 50, 60-ஆம் நம்பர் மூன்று புரி நூலுக்கு 14-ஆம் நம்பர் ஊசியும், 40/3 நூலில் கனத்த போர்வை தைக்க 16-ஆம் நம்பர் ஊசியும் போட்டுப் பாருங்கள். மெலிந்த சேலையில் தடித்த ஊசி போட்டு நெருக்கித் தைத்தால், அது தைப்பதல்ல, ஓட்டை போடுவது. நான் பார்த்த அந்தப் போர்வையில் நடந்ததும் இதுதான். கெட்டி நூல் பாதி, நெருங்கிய ஓட்டை பாதி. அங்குலத்துக்கு எட்டுத் தையல் போதும்.

மேலேயும் பாபினிலும் ஒரே நூலைப் போடுங்கள். வீணாகும் துண்டுத் துணிகளைப் போர்வை கனத்துக்கு அடுக்கி முதலில் தைத்துப் பாருங்கள. இரண்டு நூலும் பின்னுகிற முடிச்சு அடுக்கின் நடுவில் மறைந்திருக்க வேண்டும். மேலே தெரிந்தால் மேல் டென்ஷனைத் தளர்த்துங்கள், அடியில் தெரிந்தால் இறுக்குங்கள். கறுப்பு, சிவப்பு நூலாக இருந்தால் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் இறங்கினால் விட்டுவிடுங்கள். புதுத் துணியை ஒரு தடவை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டித் தையுங்கள்.

“இவ்வளவு பார்த்து வாங்கினா செலவு ஏறாதா?” என்று கேட்பீர்கள். கணக்குப் போடுவோம். ஆறு கஜச் சேலை 18 அடி. மூன்றாக மடித்தால் ஆறடி நீளத்தில் மூன்று அடுக்கு. இரண்டு சேலைக்கு ஆறு அடுக்கு. 45 அங்குல அகலத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரி என்றால் 22 வரி. ஓரத்தை இரண்டு சுற்று சேர்த்தால் தையல் நீளம் சுமார் 57 கஜம். மேல் நூலும் கீழ் நூலும் சேர்ந்து இதைப் போல மூன்று மடங்கு பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 170 கஜம். 40/3 நூலில் இதன் எடை ஏழு கிராம்தான்! ஒரு கிலோ போர்வையின் ஆயுளை ஏழு கிராம் நூல் தீர்மானிக்கிறது. இதில் மிச்சம் பிடித்து என்ன ஆகப் போகிறது?

அந்த அம்மாவுக்கு நான் மறுபடி ஒரு போர்வை தைத்துத் தர முடியாது. அவர் தாயாருடைய சேலை இனி கிடைக்காது. கிழியாத பாகங்களை வெட்டி எடுத்து, இந்தத் தடவை 60-ஆம் நம்பர் பருத்தி நூலில், பேரப்பிள்ளைக்கு ஒரு சின்ன விரிப்பாகத் தைத்துக்கொண்டார். அது இன்னும் உழைக்கிறது. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படி ஒரு சேலை இருக்கும். அதை எடுத்து மிஷினில் வைப்பதற்கு முன்னால், ஒரு சாண் நூலை இழுத்துப் பாருங்கள், சேலையின் ஓரத்தையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். எது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துவிட்டு, பிறகு ஊசியைக் கோருங்கள்.