மூலிகையும் இதயக் குளிசையும்

வன்னிப் பெருநிலத்தின் ஆற்றோரங்களிலும் குளத்தங்கரைகளிலும் ஓங்கி நிற்பது மருதமரம். மருதோடை என்னும் ஊர்ப் பெயரிலும் அது நிலைத்துவிட்டது. அதன் பட்டையைக் குடிநீராக்கி இருதய நோய்க்குக் கொடுக்கும் வழக்கம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாக உண்டு.

இன்று கிராமத்து முதிய கமக்காரர் ஒருவர் காலையில் வைத்தியசாலைக் குளிசையை விழுங்குகின்றார். மாலையில் பரியாரியார் கொடுத்த கசாயத்தை அருந்துகின்றார். கசாயத்தைப் பற்றி வைத்தியசாலையிற் சொல்வதில்லை. குளிசையைப் பற்றிப் பரியாரியாரிடம் சொல்வதுமில்லை. "பச்சிலைதானே, என்ன செய்யும்?" என்பது அவர் எண்ணம். ஒன்றுஞ் செய்யாத பொருளாயின் அதனை மருந்தென அருந்துவது எதற்கு? நோயைத் தணிக்கும் ஆற்றல் உள்ள பொருளுக்கு, மற்றொரு மருந்தோடு மோதும் ஆற்றலும் உண்டு.

மூலிகையும் குளிசையும் அந்நியமானவை அல்ல. இங்கிலாந்தின் சிறொப்சயரில் மூதாட்டி ஒருவர் கொடுத்துவந்த மூலிகைக் கலவையை ஆராய்ந்தார் வில்லியம் விதரிங் என்னும் வைத்தியர். அதிற் பயன் தந்தது டிஜிற்றாலிஸ் செடியே எனக் கண்டு 1785ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். இருதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தக் கொடுக்கப்படும் டிஜொக்சின் அச்செடியினத்தின் வழிவந்ததே. இதன் நன்மையான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இருமலுக்கு அதிமதுரக் கசாயத்தைப் பல நாள் மிகுதியாக அருந்தினால் உடலிலுள்ள பொற்றாசியம் குறையும். சிறுநீரைப் பெருக்கும் குளிசையும் சேர்ந்தால் அக்குறைவு மேலும் கூடலாம். அப்பொழுது வழக்கமான அளவு டிஜொக்சினே நஞ்சாக மாறக்கூடும். வாந்தி, பசியின்மை, பார்வையில் மஞ்சள் நிறம் படர்தல் என்பன அதன் அறிகுறிகள்.

வார்பரின் என்னும் குளிசையின் வரலாறும் இத்தகையதே. 1920களில் வட அமெரிக்காவிலே பழுதடைந்த ஒருவகைத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் குருதி உறையாது மாண்டன. அதன் காரணத்தை விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார் தேடியதன் பயனாக வார்பரின் பிறந்தது. 1948இல் எலி மருந்தாக வந்தது, 1954இல் மனிதருக்கும் மருந்தாயிற்று. செயற்கை வால்வு பொருத்தப்பட்டோருக்கு இன்றும் அதுவே துணை. வல்லாரை, முருங்கையிலை முதலிய கீரைகளிலுள்ள கே உயிர்ச்சத்து இம்மருந்தின் வேலையை எதிர்க்கும். ஆதலால் ஒரு வாரம் கீரையை விலக்கி, மறுவாரம் நாள்தோறும் இலைக்கஞ்சி குடித்தல் தீது. அளவு ஒரே சீராயிருத்தல் வேண்டும். கறியிற் சேரும் உள்ளி, இஞ்சி, மஞ்சளால் அஞ்சவேண்டியதில்லை. அவற்றையே மருந்தாகச் செறிவாக்கி உண்டால், வார்பரின், அஸ்பிரின் என்பவற்றோடு சேர்ந்து குருதிக் கசிவு மிகலாம். மருதம்பட்டையும் இரத்தத் தட்டுக்கள் ஒட்டுவதைக் குறைப்பதாக ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. முரசில் இரத்தம், கறுத்த மலம், காரணமின்றித் தோன்றும் நீலத் தழும்பு ஆகியவற்றைக் கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

இதனால் மூலிகையைக் கைவிடவேண்டும் என்பது கருத்தன்று. கசாயத்தை நம்பிக் குளிசையைத் தாமாகவே நிறுத்துவதோ பெருங்கேடு. வால்விலே இரத்தம் கட்டிப் பாரிசவாதமோ மரணமோ நேரலாம்.

ஏசுவார்களோ என்னும் கூச்சமே பலரை மறைக்கச் செய்கின்றது. கூச்சத்துக்கு இடமில்லை. 1961ஆம் ஆண்டின் ஆயுள்வேதச் சட்டம் சித்த வைத்தியத்தையும் தன்னுள் அடக்கியதே. அருந்தும் சூரணம், கசாயம் யாவற்றின் பெயரையும் கிளினிக் கொப்பியில் எழுதுவித்தல் நன்று. பெயர் தெரியாவிடில் இலையையோ பட்டையையோ கையோடு கொண்டுசெல்லலாம். அதே கொப்பியைப் பரியாரியாரிடமும் காட்டவேண்டும். இருவரும் காப்பது ஓர் உயிரையே. அவ்விருவருக்கும் இடையிலே செய்தி கொண்டுசெல்லக்கூடியவர் நோயாளி ஒருவரே.