நந்தன் சரித்திரமும் ஒரு சிறப்புப்பாயிரமும்



நந்தனார் பாட்டு என்றதும் பலருக்கு எம். எம். தண்டபாணி தேசிகரின் குரலே செவியில் ஒலிக்கும். 1942 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நந்தனார்’ படம் அத்துணைப் புகழ் பெற்றது. அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே அக்கதையைக் கீர்த்தனைகளாகப் பாடி அச்சேற்றியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நாகபட்டினத்தை அடுத்த நரிமணத்திற் பிறந்து, மாயூரத்தை அடுத்த ஆனதாண்டவபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர், இல்லறம் புகாதவர், கனம் கிருஷ்ணையரிடம் இசை நுட்பம் கற்றவர்.

சேக்கிழார் கூறும் திருநாளைப்போவார் கதை சுருக்கமானது. ஆதனூர்ப் புலைப்பாடியிற் பிறந்த அடியார், கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்து வருகிறார்; திருப்புன்கூரில் நந்தி விலகக் காண்கிறார்; தில்லைக்குப் போக ஏங்கி, ஈற்றில் தீயில் மூழ்கி எழுகிறார். அவரைத் தடுக்கும் எசமானர் எவரும் அங்கே இல்லை. ஆறுமுக நாவலர் எழுதிய பெரியபுராண வசனத்தைப் படித்தவர்களுக்கு இது தெரிந்ததே.

பாரதியாரின் நந்தனோ பண்ணையாள். அவனுக்கு மேலே ஒரு வேதியரை நிறுத்தினார் கவிஞர். சிதம்பரம் போக விடை கேட்கும் நந்தனை அந்த வேதியர் சினந்து கொள்கிறார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். ஓரிரவில் சிவகணங்கள் அவ்வேலையை முடித்துவிடுகின்றன. விடிந்ததும் விளைந்த கதிரைக் கண்ட வேதியர் ஆளின் காலில் விழுகிறார். புராணத்தில் இல்லாத இந்தப் பகுதியே மக்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. தஞ்சை நாட்டு வயல்களில் வேலையாட்கள் பட்ட பாட்டைக் கண்ணாரக் கண்ட ஒருவரே இதனைப் பாடியிருத்தல் கூடும்.

நூலை அச்சிடும் காலம் வந்தது. காரைக்காலிற் பிரெஞ்சு அரசாங்கத்து அதிகாரியாயிருந்த சீசே என்பவர் அதற்குத் துணை நின்றார். அக்காலத்தில் பெரும்புலவர் ஒருவரின் சிறப்புப்பாயிரம் இல்லாது நூல் வெளிவருதல் மதிப்பன்று. ஆகவே பாரதியார் மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்றார். பிள்ளையவர்கள் நூலைப் பார்த்தார். இலக்கண வழுக்கள் கண்ணில் உறுத்தின. மறுத்துரைக்கவும் மனம் வரவில்லை. பாடிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. பிறகு பார்க்கலாம் என்று நாளைக் கடத்தி வந்தார். நாளைப் போவோம் என்றிருந்த அடியாரின் கதையைப் பாடியவருக்கும் அதே விதி வாய்த்தது போலும்!

பாரதியார் சளைக்கவில்லை, பலமுறை வந்தார். ஒருநாள் பிள்ளையவர்கள் பகலுணவுக்குப் பின் உறங்கிக்கொண்டிருக்க, வந்தவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனைகளைத் தமக்குத் தாமே பாடத் தொடங்கினார். விழித்த புலவர் உள்ளிருந்தே கேட்டார். ஏட்டில் வழுவாய்த் தெரிந்த சொற்கள் இப்பொழுது இராகத்தோடும் உருக்கத்தோடும் வந்தன. கண்ணீர் பெருகியது. வெளியே வந்து, தாம் தாழ்த்தியதற்கு வருந்திச் சிறப்புப்பாயிரம் பாடிக் கொடுத்தார்.

புலவர் கண்ட வழுக்கள் வழுக்களே. பாட்டு அவற்றைத் திருத்திவிடவில்லை. ஆனால் அது படிப்பதற்கென்று எழுந்த நூலன்று. கதை கேட்க இரவிற் கூடும் உழவரும் பெண்டிரும் ஒருமுறை கேட்டே பொருள் கொள்ள வேண்டும். அதற்காகவே நொண்டிச்சிந்தும் கண்ணிகளும் பேச்சுச் சொற்களும் அதில் வந்தன. பிற்காலத்தார் எழுப்பிய வேறொரு குறையோ இலக்கணத்தைவிடப் பெரிது. எசமானரையே காலில் விழச்செய்த கவிஞர், நந்தனைத் தீக்குழியிலிருந்து காக்கவில்லை. அவ்விடத்திற் புராணத்தின் வழியே சென்றுவிட்டார். இக்குறை நியாயமானதே.

1871 இல் பிள்ளையவர்களிடம் மாணாக்கராய்ச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், மாயூரத்திற் பாரதியாரிடம் சிறிது காலம் இசையும் பயின்றார். இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியப் பயிற்சி தளரும் என்பது ஆசிரியரின் கருத்து. அதனை அறிந்து சாமிநாதையர் இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார். அவரே பின்னாளில் தம் ஆசிரியரின் சரித்திரத்தை எழுதியபோது, திண்ணையில் நிகழ்ந்ததை மறைக்காமல் அதிற் சேர்த்து வைத்தார்.