விக்டோரியா காலத்து நாவல்களும் கூடிப் படிக்கும் இன்பமும்

 

இவ்வெள்ளி விழாவில் இலக்கியம் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு பணித்தார்கள். விக்டோரியா அரசியார் காலத்து ஆங்கில நாவல்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றேன். "நம் பிள்ளைகளுக்கு அது எதற்கு, ஐயா?" என்று அன்பர் ஒருவர் வினவினார். வினா நியாயமானதே. அந்நாவல்கள் தடித்த நூல்கள், கல்லூரிப் பாடத்திட்டத்திற்குள் அடைபட்டுக் கிடப்பவை, வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியவை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அவை அந்நாட்டு மக்களிடம் சென்று சேர்ந்த வரலாற்றை அறிந்தால் அவ்வெண்ணம் நில்லாது.

விக்டோரியா அரசியார் 1837 முதல் 1901 வரை ஆண்டவர். அந்நாளில் மூன்று பாகங்களாக வெளிவந்த புதிய நாவலின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். கூலி வேலை செய்வோர் எண்ணிப் பார்க்கவும் இயலாத விலை அது. மூடி என்பவர் நடத்திய புகழ்பெற்ற வாடகை நூல் நிலையத்திலும் ஆண்டுச் சந்தா ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். சார்லஸ் டிக்கன்ஸின் கதைகளோ வேறு வழியில் மக்களை அடைந்தன. 1836-ஆம் ஆண்டு 'பிக்விக் பேப்பர்ஸ்' மாதம் ஒரு பகுதியாக, ஒரு ஷில்லிங் விலையில் வெளிவரத் தொடங்கியது. பிற்காலத்தில் அவரே நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' என்னும் வார இதழின் விலை 2 பென்ஸ் மட்டுமே.

அந்த 2 பென்ஸும் இல்லாதவர், எழுத்தே அறியாதவர் என் செய்தனர்? டிக்கன்ஸின் நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. வீடுகளில் தரை துடைத்துப் பிழைத்த மூதாட்டி ஒருவர், மூக்குப்பொடிக் கடை ஒன்றின் மேல் குடியிருந்தார். மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை அங்கே குடியிருந்தோர் கூடுவர். கடைக்காரர் 'டாம்பி அண்ட் சன்' நாவலின் அம்மாதப் பகுதியை உரக்கப் படிப்பார். தேநீருக்குக் காசு கொடுத்தவர்க்குத் தேநீர் உண்டு. ஆனால் கதை அனைவர்க்கும் உண்டு. அந்நாவலை ஒரே மனிதர் எழுதினார் என்று கேள்வியுற்றபோது அம்மூதாட்டி வியந்து போனாராம். மூவர் நால்வர் கூடியன்றோ அத்தனையையும் எழுதியிருக்க வேண்டும் என்று அவர் எண்ணியிருந்தார்! பல்கலைக்கழகப் பேராசிரியர் பலரின் திறனாய்வைக் காட்டிலும் இவ்வியப்பை நான் உயர்வாக மதிக்கிறேன். எழுத்தறியாத அத்தாயும் அந்நாவலின் வாசகரே.

இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன். 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்டு வரை வெளிவந்த 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' அது. பெரும் எதிர்பார்ப்புகள் என்று பொருள் கொள்ளலாம். பிப் என்னும் பெற்றோரற்ற சிறுவன் தன் தமக்கையின் வீட்டில் வளர்கிறான். தமக்கையின் கணவர் ஜோ, ஊர்க்கொல்லர். அவருக்குப் படிப்பில்லை. தாயார் அவரைப் பள்ளிக்கு அனுப்ப முயன்றபோதெல்லாம் குடிகாரத் தந்தை இழுத்து வந்துவிட்டார். பிப் சிலேட்டில் எழுதிக் காட்டும் மடலில் தம் பெயரிலுள்ள ஜே, ஓ என்னும் இரண்டு எழுத்துகளை மட்டும் கண்டுபிடித்து அம்மனிதர் மகிழும் இடத்தைப் படிக்கும் எவர்க்கும் நெஞ்சு கனியும். முதல் தலைமுறையாகப் படித்த நம் இளைஞர்க்கு அவ்விடத்தை நான் விளக்கிக் கூறவும் வேண்டுமோ?

செல்வர் வீட்டுச் சிறுமி எஸ்டெல்லா, பிப்பின் சொரசொரப்பான கைகளையும் முரட்டுக் காலணிகளையும் எள்ளி நகையாடுகிறாள். அதுவரை அவன் தன் கைகளைப் பற்றி நினைத்ததே இல்லை. அன்று தொடங்குகிறது அவன் வெட்கம். பின்னர் முகமறியா ஒருவரின் பொருளுதவியால் இலண்டன் சென்று கனவான் ஆகிறான். ஜோ ஒருநாள் தம் நல்லாடைகளை அணிந்து அவனைக் காண வருகிறார். வருவார் என்ற செய்தி கிடைத்ததுமே, காசு கொடுத்தாவது அவ்வருகையைத் தடுக்க முடியாதா என்று பிப் எண்ணுகிறான். ஜோ தம் தொப்பியை எங்கு வைப்பதென்று அறியாமல் தடுமாறுகிறார். அது மாடத்திலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறது. தாம் வளர்த்த பிள்ளையை 'சார்' என்று அழைக்கிறார். இறுதியில், தாம் பட்டறையில் இருக்கையில்தான் சரியானவர், இவ்வாடையில் அல்லர் என்று பெருந்தன்மையோடு கூறி விடைபெறுகிறார்.

விடுமுறை நாள்களில் பழைய மாணவர் சிலருடன் இந்நாவலைக் கூடிப் படித்தேன். ஒருவர் ஆங்கிலத்தில் படிப்பார். நான் தமிழில் பொருள் கூறுவேன். இவ்வதிகாரம் முடிந்ததும் எவரும் பேசவில்லை. மாணவர் ஒருவரின் தாயார் வாயிலோரம் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அவர் சாப்பிடாமலா போய்விட்டார்?" என்று கேட்டார். நூலைப் புரட்டிப் பார்த்தோம். காலை உணவின்போது ஜோ மேசையை விட்டு வெகுதூரம் தள்ளி அமர்ந்து, உண்டதைவிடச் சிந்தியதே மிகுதி என்று டிக்கன்ஸ் எழுதியிருக்கிறார். மாலை விருந்துக்கு அவர் வரவுமில்லை. பலமுறை படித்த அவ்வரியின் வலி அந்த அம்மையாரின் கேள்விக்குப் பிறகே எனக்கு முழுதாகப் புலப்பட்டது. கூடிப் படிப்பதன் பயன் இத்தகையது.

இவ்வெட்கத்தை டிக்கன்ஸ் கற்பனையால் மட்டும் எழுதவில்லை. தந்தை கடனுக்காகச் சிறைப்பட்டபோது, 12 வயதில் அவர் காலணி மை செய்யும் தொழிற்கூடத்தில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினார். அதை உலகுக்கு மறைத்தே வாழ்ந்தார். 1870-இல் அவர் மறைந்த பின்னரே ஃபார்ஸ்டரின் நூல் வழியே அது வெளிப்பட்டது.

கதையின் முடிவு பற்றியும் நாங்கள் வழக்காடினோம். டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவில் பிப்பும் எஸ்டெல்லாவும் வீதியில் ஒருகணம் சந்தித்துப் பிரிந்துவிடுகின்றனர். நாவலாசிரியர் புல்வர் லிட்டன் வேண்டியதற்கிணங்க, இருவரும் சேரக்கூடும் என்னும்படி அதை மாற்றினார். எனக்குப் பழைய முடிவே பிடிக்கும். இளைஞர்கள் என்னை எதிர்த்தார்கள். எதிர்க்கட்டும்.

ஆயினும் இவ்வாசிரியர்களைத் தொழுதுகொண்டு படிக்க வேண்டியதில்லை. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடுத்து டிக்கன்ஸ் எழுதிய தனி மடல் ஒன்றில், இந்தியரை அழித்தொழிக்க வேண்டுமென்னும் பொருள்படக் கொடுஞ்சொற்கள் உள்ளன. 'ஆலிவர் டுவிஸ்ட்' நாவலில் ஃபேகின் என்னும் திருடனைப் பக்கத்திற்குப் பக்கம் 'யூதன்' என்றே குறிப்பிட்டார். 1863-இல் எலைசா டேவிஸ் என்னும் யூதப் பெண்மணி, எம் இனத்துக்கு நீங்கள் தீங்கிழைத்துவிட்டீர்கள் என்று அவருக்கு மடல் எழுதினார். டிக்கன்ஸ் முதலில் தம்மை நியாயப்படுத்தினார். ஆனால் அடுத்த நாவலாகிய 'அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்' என்பதில் ரையா என்னும் நல்ல யூதரைப் படைத்தார். 1867-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'யூதன்' என்னும் சொல்லைப் பல இடங்களில் நீக்கினார். இகழப்பட்ட சமுதாயத்தைச் சேர்ந்த ஒரு வாசகர், ஆசிரியரின் கையைப் பிடித்துத் திருத்தியிருக்கிறார்! நம்மை இழிவாக எழுதும் எழுத்தாளர்க்கு மடல் எழுதும் உரிமை நமக்கும் உண்டு. அதற்கு முதலில் நூலைப் படித்திருக்க வேண்டும்.

தாமஸ் ஹார்டி 1895-இல் வெளியிட்ட 'ஜூட் தி அப்ஸ்க்யூர்' பற்றியும் ஒரு சொல். தானே இலத்தீனும் கிரேக்கமும் கற்ற கற்றச்சன் ஒருவன் கல்லூரித் தலைவருக்கு எழுதுகிறான். உன் தொழிலிலேயே இருந்துகொள் என்று விடை வருகிறது. அதை இரண்டாவதாகப் படிக்கலாம். முதலில் படித்தால் இளைஞர் மனம் சோர்ந்துவிடும்.

ஒரு வேண்டுகோள். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 59 அதிகாரங்கள் உடையது. இதழில் 36 வாரங்களில் முடிந்தது. அதே அளவில் ஞாயிறுதோறும் இச்சங்கக் கட்டடத்தில் கூடினால் ஒன்பது திங்களில் முடித்துவிடலாம். ஆங்கிலம் தெரிந்த இளைஞர்கள் முறை வைத்துப் படிக்கட்டும்; தமிழில் பொருள் கூறுவதை நான் ஏற்கிறேன். தாய்மார்களும் முதியோரும் வர வேண்டும். முதல் வாரத்துக்கு முதல் இரண்டு அதிகாரங்கள்: இடுகாடு, தப்பியோடிய கைதி, சிறுவன் திருட வேண்டிய அரமும் உணவும். தேநீர்ச் செலவும் என்னுடையதே.